கம்பெனி வீட்டுப் பிள்ளைகள்: பாலர் நாடக சபைகளும் பெற்றோரின் கணக்கும்

கலையைத் தொழிலாகக் கற்பதற்காகப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து, ஆசிரியர் ஒருவரின் பொறுப்பில் ஆண்டுக்கணக்காகத் தங்கவிடும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்றைய தனியார் கலைப்பள்ளிகளோடு தொடங்கியதன்று. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஏழு எட்டு வயதுச் சிறுவர்கள் பலர், தமக்கு உணவும் உடையும் பாட்டும் வசனமும் ஒருங்கே தந்த நாடகக் குழுக்களில் சேர்ந்து, அவை சென்ற ஊரெல்லாம் சென்று, அங்கேயே வளர்ந்தனர். விளம்பரத் தாள்களில் 'பால சபா' என்று பெயர் பூண்டிருந்த இக்குழுக்களைப் பொதுமக்கள் 'பாய்ஸ் கம்பெனி' என்றே அழைத்தனர். வேடம் தரிப்பவர் அனைவரும், பெண் பாத்திரங்களை ஏற்பவர் உட்பட, சிறுவர்களே என்பது இவற்றின் அடையாளம். பள்ளி என்ற பெயர் இல்லாவிட்டாலும், தங்குமிடமும் பயிற்சியும் தேர்வும் ஒழுக்க விதிகளும் கொண்டிருந்த வகையில், இவை தமிழகத்தின் முதல் உறைவிடக் கலைப்பள்ளிகள் என்று கொள்ளத்தக்கவை. இவற்றில் பிள்ளையை விடுவது தகுமா என்ற கேள்வியை அன்றைய குடும்பங்கள் எவ்வாறு எதிர்கொண்டன என்பதும், பிற்காலத்தில் சென்னையின் கலாக்ஷேத்திரம் போன்ற கலை நிறுவனங்கள் தோன்றியபோது அதே கேள்வி எவ்வாறு உருமாறியது என்பதும் இக்கட்டுரையின் பொருளாகும்.

பாலர் சபைகளுக்கு முன்னர் இருந்த முறை குருகுலவாசம் ஆகும். மாணவன் ஆசிரியரின் வீட்டிலேயே தங்கி, வீட்டு வேலைகளைச் செய்துகொண்டு, ஆசிரியர் பாடும்போதும் வாசிக்கும்போதும் உடனிருந்து கேள்வி ஞானத்தால் கற்பதே அதன் நெறி. தஞ்சை வட்டாரத்தின் நாகசுர, தவில் மரபுகளும் நட்டுவனார் மரபும் பெரும்பாலும் இவ்வாறே கைமாறின. கற்பவர் பெரும்பாலும் ஆசிரியரின் உறவினராகவோ, அதே தொழில் மரபினராகவோ இருந்தமையால், பிள்ளையை அனுப்புவதா வேண்டாமா என்ற வினாவுக்கு அங்கு இடம் குறைவு. தகப்பன் தொழிலை மகன் கற்பது எதிர்பார்க்கப்பட்ட ஒன்றாகவே இருந்தது. நாடகக் கம்பெனி இந்த எல்லையை உடைத்தது. நாடகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத குடும்பத்துப் பிள்ளையும், தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத வீட்டுப் பிள்ளையும், நல்ல குரலும் நினைவாற்றலும் இருந்தால் அதில் சேர முடிந்தது. ஆகவே, பரம்பரையின் பெயரால் அதுவரை எழாதிருந்த கேள்வி, பெற்றோர் தாமே ஆராய்ந்து விடை காண வேண்டிய ஒன்றாக முதன்முதலில் எழுந்தது இங்கேதான்.

சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்தும் முறை வேரூன்றியதற்குத் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் அனுபவம் முக்கியக் காரணமாகும். நடிகராகத் தொடங்கி, நாடக ஆசிரியராக உயர்ந்து, நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை இயற்றிய அவர், வயது வந்த நடிகர்களின் போக்கை நெருங்கிப் பார்த்தவர். தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பட்டு ஓர் இரவுக்கு மட்டும் மேடையில் கூடும் அந்நடிகர்கள், எழுதிய பாடத்தை விட்டு விலகித் தமக்குத் தோன்றியதைப் பாடுவதும், எதிரே நிற்பவரை மடக்குவதற்காகத் தர்க்கம் வளர்ப்பதும் வழக்கமாயிருந்தன. ஆசிரியரின் சொல்லுக்குக் கட்டுப்படும் நடிகரை உருவாக்க வேண்டுமாயின் இளமையிலேயே தொடங்க வேண்டும் என்ற எண்ணம் இந்நிலையில் வலுப்பெற்றது. 1918ஆம் ஆண்டில் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைக்கு அவர் ஆசிரியராக அமர்ந்தார். ஜெகந்நாதையரின் கம்பெனி, சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, நவாப் இராஜமாணிக்கம் பிள்ளையின் தேவி பால விநோத சங்கீத சபா, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனி என அக்காலத்தில் எழுந்த குழுக்கள் பலவும் மதுரையின் பெயரையோ மதுரை மரபையோ தாங்கியே இயங்கின.

கம்பெனியின் அன்றாடம் நாடகக் கொட்டகையைவிடக் 'கம்பெனி வீடு' எனப்பட்ட தங்குமிடத்தையே மையமாகக் கொண்டிருந்தது. ஓர் ஊரில் முகாமிடும்போது பெரிய வீடொன்றை வாடகைக்கு எடுத்து, சிறுவர்கள், சமையற்காரர், பக்கவாத்தியக்காரர், திரைச்சீலைகளைக் கவனிப்போர் அனைவரும் அதில் தங்குவர். நாடக ஆசிரியருக்கு 'வாத்தியார்' என்று பெயர். அவரே நாடகத்தை எழுதுபவர், பாட்டுக்கு மெட்டமைப்பவர், வேடம் பகிர்ந்தளிப்பவர், தவறினால் தண்டிப்பவர். கற்பிக்கும் முறைக்குப் 'பாடம் கொடுத்தல்' என்பது பெயர்: ஒரு நாடகத்தின் பாடல்களையும் வசனங்களையும் பகுதி பகுதியாகச் சொல்லிக்கொடுத்து, சிறுவன் பிசகின்றி ஒப்பிக்கும் வரை அடுத்த பகுதிக்குச் செல்லாமல் நிறுத்திவைப்பர். கதாநாயக வேடம் 'ராஜபார்ட்' என்றும், பெண் வேடம் 'ஸ்திரீபார்ட்' என்றும், இளஞ்சிறுவர் வேடம் 'பாலபார்ட்' என்றும், நகைச்சுவை வேடம் 'பபூன்' என்றும் வகுக்கப்பட்டிருந்தன. ஒரு சிறுவன் தன் பாத்திரத்தை மட்டுமன்றி மற்றவரின் பாடத்தையும் காதால் கேட்டு வைத்திருப்பான். ஏனெனில், யாருக்கேனும் காய்ச்சல் வந்தால் அன்றிரவே அந்த வேடத்தை ஏற்க வேண்டிய நிலை வரலாம். சிறிய வேடத்திலிருந்து பெரிய வேடத்துக்கு உயரும் வழியும் அதுவே.

இம்முறையின் வலிமை நாடக நடிகர் டி.கே. சண்முகத்தின் வாழ்க்கையில் தெளிவாகத் தெரிகிறது. பெண் வேட நடிகராக இருந்த கண்ணுசாமிப் பிள்ளையின் மக்களான டி.கே.எஸ். சகோதரர்கள் 1918ஆம் ஆண்டில் சுவாமிகளின் சபையில் சேர்ந்தபோது சண்முகத்துக்கு வயது ஆறு. அச்சிறுவனின் திறனைக் கண்ட சுவாமிகள், அவனுக்காகவே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாடலும் வசனமுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்ற செய்தியைச் சண்முகமே பிற்காலத்தில் பதிவு செய்துள்ளார். நாடகம் மாணவனின் அளவுக்கு எழுதப்பட்டது. மாணவன் அந்நாடகத்தின் வழியே தமிழின் சந்தங்களையும் இசையின் இராகங்களையும் புராணக் கதைகளையும் கற்றான். வகுப்பறைக் கல்வியின் துணையின்றி இத்தகைய மொழிப் பயிற்சியைச் சிறுவர்களுக்குத் தந்த நிறுவனம் அக்காலத்தில் வேறில்லை என்றே சொல்லலாம். சுவாமிகள் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டு 1922ஆம் ஆண்டில் புதுச்சேரியில் மறைந்தபின், அச்சகோதரர்கள் 1925ஆம் ஆண்டில் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபாவைத் தாமே நிறுவினர். மாணவராக வந்தவர் பதின்ம வயதிலேயே நிறுவன உரிமையாளராக மாற முடிந்தது என்பது, தந்தையும் தனயரும் ஒருசேரத் தொழிலை அறிந்திருந்த குடும்பத்துக்கு வாய்த்த பேறு.

எல்லாக் குடும்பங்களும் அவ்வாறு அறிந்து சேர்த்தவையல்ல. கம்பெனிகளின் வாயிலுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்தவற்றுள் முதன்மையானது வறுமையே என்பதற்கு, பின்னாளில் புகழ்பெற்றோரின் இளமைக்காலமே சான்று. இலங்கையின் கண்டியில் 1917ஆம் ஆண்டில் பிறந்த எம்.ஜி. இராமச்சந்திரன், தந்தை இறந்தபின் தாயாருடன் கும்பகோணத்தில் வாழ்ந்து, அங்கு மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, தமையன் சக்கரபாணியுடன் ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். மலபாரில் பிறந்து, தந்தையை இழந்து, உதகமண்டலத்தில் உறவினர் வீட்டில் வளர்ந்த எம்.என். நம்பியார், அங்கு வந்த இராஜமாணிக்கத்தின் குழுவோடு 13 வயதில் புறப்பட்டார். தொடக்கத்தில் கிடைத்த 3 ரூபாய்ச் சம்பளத்தில் 1 ரூபாயைத் தமக்கென வைத்துக்கொண்டு மீதியைத் தாயாருக்கு அனுப்பினார் என்று அவரது வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. அந்த 2 ரூபாயில் பாலர் சபையின் பொருளியல் முழுவதும் அடங்கியுள்ளது. பிள்ளை வீட்டை விட்டுச் சென்றதால் ஓர் உணவுச் செலவு குறைந்தது; அதோடு, சிறிதேனும் ஒரு வரவும் தொடங்கியது. கட்டணம் செலுத்திப் பிள்ளையைப் படிக்க வைக்கும் பள்ளிக்கும், படித்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை ஈட்டித்தரும் கம்பெனிக்கும் இடையே தேர்வு செய்யும் நிலையில் அத்தகைய தாய்மார் இருக்கவில்லை. முதல் வழி அவர்களுக்கு அடைபட்டே இருந்தது. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் கட்டாயக் கல்வியைக் கொண்டுவரும் உரிமையை உள்ளாட்சி மன்றங்களுக்கு அளித்திருந்த போதிலும், ஏழைப் பிள்ளையின் பசிக்கு அச்சட்டத்தில் விடையில்லை.

மறுபுறம், ஓரளவு வசதியும் மானமும் கருதிய குடும்பங்கள் நாடகக் கம்பெனியை அஞ்சின. 'கூத்தாடி' என்ற சொல் வசையாகவே வழங்கியது. நாடகக்காரனுக்கு வீடு வாடகைக்குக் கிடைப்பதும் பெண் கொடுக்க ஆள் கிடைப்பதும் அரிது என்பது ஊரறிந்த செய்தியாக இருந்தது. 1891ஆம் ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் வழக்கறிஞரும் அரசு அலுவலரும் மேடையேறினர் என்றாலும், அவர்கள் பகலில் வேறு தொழில் பார்த்து, மாலையில் விருப்பத்துக்காக நடித்தவர்கள். அவர்களது நாடகம் அவர்களுடைய மதிப்பைக் குறைக்கவில்லை. சம்பந்த முதலியாரின் நாடகங்களையே பாலர் சபைகளும் நடித்தன. ஆனால் நாடகத்தை நம்பியே உண்ணும் சிறுவனுக்கு அந்த மதிப்பு கிட்டவில்லை. குடும்பத்தின் இசைவைப் பெறாமலே சிலர் கம்பெனியில் சேர்ந்ததும் இதனால்தான். வி.சி. கணேசன் என்ற சிறுவன், தனக்குப் பெற்றோர் இல்லை என்று கூறியே பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் இடம்பெற்றதைப் பிற்காலத்தில் சிவாஜி கணேசனாகத் தம் சுயசரிதையில் சொல்லியுள்ளார். கேட்பாரற்ற பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதில் கம்பெனிக்குத் தயக்கம் இல்லை என்பதை ஏழு வயதுச் சிறுவனும் அறிந்திருந்தான் என்ற அளவில், இந்நிகழ்ச்சி அக்காலச் சேர்க்கை முறையின் மீது வெளிச்சம் பாய்ச்சுகிறது. சீதை வேடத்தில் தொடங்கிய அவரது பயிற்சி, ஆணும் பெண்ணும் முதியவரும் வீரரும் என எல்லா வேடங்களையும் ஒரே உடலில் பழக்கிய அம்முறையின் விளைவு எத்தகையது என்பதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டாகும்.

குடும்பங்களின் இந்த அச்சத்தை நீக்குவதற்குச் சில கம்பெனிகள் ஒழுக்கத்தையே தம் முதலீடாகக் கொண்டன. இராஜமாணிக்கத்தின் குழு இதில் முன்னின்றது. இராமதாசர் நாடகத்தில் நவாப் வேடம் ஏற்றதால் அப்பட்டத்தைப் பெற்ற அவர், 'தசாவதாரம்', 'ஐயப்பன்', 'இயேசுநாதர்' முதலிய பக்தி நாடகங்களையே பெரும்பாலும் நடத்தினார். வழிபாடும் கண்டிப்பும் அவரது கம்பெனி வாழ்வின் அங்கங்களாக விளங்கின. நம்பியாரிடம் வாழ்நாள் முழுவதும் நிலைத்திருந்த ஐயப்ப பக்தி அங்கு ஊன்றப்பட்டதே. பிள்ளை கெட்டுப்போவான் என்ற ஊர்ப்பேச்சுக்கு எதிராக, பிள்ளை இங்கே திருந்துவான் என்ற உறுதிமொழியை அக்கண்டிப்பு பெற்றோருக்கு வழங்கியது. ஆனால் அதே கண்டிப்பின் மறுபக்கம், வாத்தியாரின் கைக்கு எட்டாத இடம் சிறுவனுக்கு எங்கும் இல்லை என்பதாகும். உணவு தருபவரும், வேடம் தருபவரும், தண்டிப்பவரும், சம்பளம் நிர்ணயிப்பவரும் ஒருவராகவோ ஒரே நிர்வாகமாகவோ இருந்த நிலையில், குறை இருந்தால் முறையிட மூன்றாமவர் எவரும் இல்லை. பெற்றோரோ தொலைவில் இருந்தனர். கம்பெனியோ இன்று திண்டுக்கல்லிலும் அடுத்த மாதம் கொல்லத்திலும், சில வேளைகளில் கடல் கடந்து கொழும்பிலும் முகாமிட்டது.

இத்தகைய வாழ்வில் ஒவ்வொரு சிறுவனும் தப்பாமல் சந்தித்த நெருக்கடி 'மகரக்கட்டு' எனப்பட்டது. பதின்ம வயதில் ஆண்பிள்ளையின் குரல் உடைந்து, மேல் சுருதி எட்டாமல் போகும் பருவத்துக்கு நாடக, இசை உலகம் வழங்கிய பெயர் அது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவரின் காதுக்கும் பாட்டு எட்ட வேண்டுமானால் உச்சக் குரல் இன்றியமையாதது, நாடக நடிகர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவின் புகழ் அத்தகைய குரலின் மீதே எழுந்தது. வசனத்தைவிடப் பாட்டே மிகுந்திருந்த நாடகங்களில், நேற்று வரை ராஜபார்ட்டாகவோ ஸ்திரீபார்ட்டாகவோ வசூலைக் குவித்த சிறுவன், குரல் உடைந்த சில வாரங்களில் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டான். சிலருக்குக் குரல் ஓராண்டில் திரும்பியது. சிலருக்குத் திரும்பவே இல்லை. திரும்பாதவர்களுள் திறனுடையோர் பபூன் வேடத்துக்கோ, பாட்டு குறைந்த வேடங்களுக்கோ மாறினர். மற்றவர் ஆர்மோனியம், ஒப்பனை, திரை இழுத்தல் போன்ற வேலைகளில் ஒதுங்கினர். எதிலும் ஒட்டாதவர் ஊர் திரும்பினர். அவ்வாறு திரும்பியவரின் கையில் பள்ளிச் சான்றிதழ் இல்லை. வேறு தொழிலைக் கற்கும் வயதும் கடந்திருந்தது. பிள்ளையைக் கம்பெனியில் விடும் பெற்றோர் கணக்கில் எடுத்துக்கொள்ளத் தவறிய செலவு இதுவே. ஏழு வயதுக்குரிய பசியைக் கம்பெனி தீர்த்தது. பதினைந்து வயதுக்குரிய கேள்விக்கு அது பொறுப்பேற்கவில்லை.

இப்பொறுப்பின்மைக்குக் காரணம் தனிமனிதர்களின் கொடுமை என்பதைவிட நிறுவனத்தின் அமைப்பு என்பதே பொருந்தும். கம்பெனிக்கு அறக்கட்டளையோ, அரசு மானியமோ, மாணவர் கட்டணமோ கிடையாது. நுழைவுச்சீட்டு வசூல் ஒன்றே வருவாய். மழை பெய்தாலும், ஊரில் கொள்ளைநோய் பரவினாலும், போட்டிக் கம்பெனி ஒன்று அருகில் கொட்டகை போட்டாலும் அடுப்பில் உலை ஏறுவதே ஐயமாகிவிடும். எனவே சிறுவனின் கலை, அது முதிர்ந்த பின்னர் அல்ல, அன்றிரவே பணமாக வேண்டியிருந்தது. பெயர் பெற்ற சிறுவனை மற்றொரு கம்பெனி கூடுதல் சம்பளம் காட்டி இழுத்துவிடும் என்ற அச்சத்தால், காலவரையிட்டு ஒப்பந்தம் எழுதிக்கொள்வதும் வழக்கமாயிற்று. கையெழுத்திட்டவர் பெற்றோர், கட்டுப்பட்டவர் பிள்ளை. பெற்றோர் பணமோ பயனோ பெற்றுக்கொண்டு 15 வயதுக்குட்பட்ட பிள்ளையின் உழைப்பை ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கை செல்லாது என்று 1933ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இந்திய அரசு சட்டம் இயற்றியது. நியாயமான கூலிக்காக, பிள்ளைக்குக் கேடின்றி, ஒரு வார அறிவிப்பில் முடித்துக்கொள்ளக்கூடிய உடன்படிக்கைகளுக்கு அதில் விலக்கு இருந்தது. நாடகக் கம்பெனிகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட சட்டமன்று அது. எனினும், கற்றலும் உழைப்பும் பிரிக்கமுடியாதபடி கலந்திருந்த ஓரிடத்தில் பிள்ளை மாணவனா தொழிலாளியா என்ற வினாவை அதன் வாசகம் எவரும் தவிர்க்க முடியாதபடி முன்வைத்தது.

இவ்வளவுக்குப் பின்னும் பாலர் சபைக் கல்வி பயனற்றது என்று முடிவு கட்டுவது தவறாகும். அதன் பயனை அளப்பதற்குத் திரைப்படத்தில் உயர்ந்த சிலரை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம். 1931ஆம் ஆண்டில் 'காளிதாஸ்' வெளிவந்து பேசும் படம் தொடங்கியபோது, பாடவும் வசனம் பேசவும் பழகிய நடிகர்கள் ஆயத்தமாக இருந்த இடங்களுள் இக்கம்பெனிகள் முதன்மையானவை. டி.கே.எஸ். குழுவின் 'மேனகா' நாடகம் 1935ஆம் ஆண்டில் படமானபோது அக்குழுவினரே அதில் நடித்தனர், நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் அவர்களுள் ஒருவர். ஆனால் இத்தகையோர் எண்ணிக்கையில் மிகச் சிறியவர்கள். நடுத்தரத் திறனுடைய மாணவனுக்கு என்ன கிடைத்தது என்பதே சரியான அளவுகோல். அவனுக்குக் கிடைத்தது, சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் வந்த நாடகங்களின் பாடம். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்', 'சத்தியவான் சாவித்திரி' ஆகியவற்றின் பாட்டும் வசனமும் நெஞ்சில் இருந்தால், தென்மாவட்டங்களின் கோயில் திருவிழாக்களில் நடைபெறும் 'ஸ்பெஷல் நாடகம்' எனப்படும் தனி ஒப்பந்த நாடகங்களில் இடம் கிடைத்தது. முன்பின் அறியாத நடிகர்கள் ஒத்திகையின்றி ஓரிரவில் கூடி, விடியும் வரை ஒரு முழு நாடகத்தை நடத்திக்காட்ட முடிவது, எல்லோருக்கும் பொதுவான பாடம் ஒன்று இருப்பதாலேயே. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் இன்றும் நிலைத்திருக்கும் இத்தொழில், கம்பெனி கலைந்த பின்னரும் அதன் மாணவர் சோறு உண்ண வழிசெய்தது. எந்த மேடையின் மீதான அதிருப்தியால் சுவாமிகள் சிறுவர்களை நாடினாரோ, அந்தத் தனி ஒப்பந்த மேடையே அவரது மாணவர் மரபில் வந்தோர்க்கு இறுதிப் புகலிடமாக அமைந்தது வரலாற்றின் முரண்.

சிறுவர் கம்பெனிகள் மங்கத் தொடங்கிய அதே பத்தாண்டுகளில், உறைவிடக் கலைக்கல்வியின் மற்றொரு வடிவம் உருப்பெற்றது. கேரளத்தில் கவிஞர் வள்ளத்தோள் நாராயண மேனன் முதலியோர் 1930ஆம் ஆண்டில் கலாமண்டலத்தை நிறுவினர். சென்னை அடையாற்றில் ருக்மிணி தேவி அருண்டேல் 1936ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய கலைக்கழகம் கலாக்ஷேத்திரம் என்ற பெயரில் வளர்ந்து, 1962ஆம் ஆண்டில் திருவான்மியூரில் ஏறத்தாழ 100 ஏக்கர் நிலப்பரப்பில் நிலைகொண்டது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, சொக்கலிங்கம் பிள்ளை ஆகிய நட்டுவனார்களும், டைகர் வரதாச்சாரியார், மைசூர் வாசுதேவாச்சாரியார் போன்ற இசை மேதைகளும் அங்குக் கற்பித்தனர். குருகுலத்தின் நெருக்கத்தைப் பாடத்திட்டம், ஆண்டு, தேர்வு, பட்டயம் என்ற கல்லூரி அமைப்புக்குள் கொண்டுவருவதே அதன் முயற்சி. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் 1947ஆம் ஆண்டில் நிறைவேறிய காலச்சூழலில், நடனம் கற்கும் மகளைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சிய நடுத்தர, மேல்தட்டுக் குடும்பங்களுக்கு, வழிபாட்டோடு தொடங்கும் நாளும் எளிய கைத்தறி ஆடையும் கட்டுப்பாடான விடுதியும் அந்த அச்சத்தைப் போக்கின. நவாப் இராஜமாணிக்கம் ஆண்பிள்ளைகளின் பெற்றோருக்கு அளித்த உறுதிமொழியை, வேறொரு வகுப்பாரிடம், பெண்பிள்ளைகளின் பொருட்டுக் கலாக்ஷேத்திரம் அளித்தது. தம் நிழலில் இக்கலையை வளர்த்த நட்டுவனார், இசைவேளாளர் குடும்பங்களின் பெண்டிர் அந்த மேடையிலிருந்து பெரும்பாலும் விலக்கப்பட்டனர் என்ற விமர்சனமும் இதனோடு சேர்த்தே நோக்கத்தக்கது.

இரு முறைகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு பணம் எத்திசையில் ஓடியது என்பதில் இருக்கிறது. கம்பெனியில் கற்கும் பிள்ளைக்குக் கம்பெனி பணம் கொடுத்தது. எனவே பிள்ளையின் கலையை உடனே மேடைக்குக் கொண்டுவந்தது. புதிய கலைப்பள்ளியில் குடும்பமோ, கொடையாளரோ, அரசோ பணம் கொடுத்தனர். எனவே மாணவர் மேடையேறாமலே ஆண்டுக்கணக்கில் நடனத்தின் அடிப்படை அடவுகளைப் பயில முடிந்தது. அவகாசம் என்ற அந்த ஒன்றையே குடும்பங்கள் விலைகொடுத்துப் பெற்றன. வறியவருக்கும் இப்பள்ளி முற்றிலும் மூடிய கதவாக இருக்கவில்லை. கதகளி ஆசிரியர் சந்து பணிக்கர் 1953ஆம் ஆண்டில் வட கேரளத்தின் பையனூரிலிருந்து அழைத்துவந்த சிறுவர்களுள் ஒருவரான வி.பி. தனஞ்சயன், பல பிள்ளைகளைக் கொண்ட எளிய குடும்பத்தைச் சேர்ந்தவர்; கலாக்ஷேத்திரத்தில் தங்கிக் கற்று, அதன் நாட்டிய நாடகங்களில் முதன்மை வேடங்களை ஏற்று, 1968ஆம் ஆண்டில் பரத கலாஞ்சலி என்ற தம் பள்ளியைத் தொடங்கினார். உடல் முதிரும்போது ஆற்றலும் முதிரும் நடனக் கலையில் அவருக்கு மகரக்கட்டின் இடர் இல்லை. அதைவிட முக்கியமாக, பயிற்சியை முடித்தவருக்கு ஆசிரியத் தொழில் காத்திருந்தது. கலாக்ஷேத்திரப் பாணி என்று அறியப்பட்ட பயிற்சி முறைக்கு உலகெங்கும் வாழும் தமிழரிடையிலும் பிறரிடையிலும் தேவை இருந்ததால், மேடையில் பெயர் பெறாதவரும் கற்பித்து வாழ முடிந்தது. ஸ்பெஷல் நாடக மேடை பாலர் சபை மாணவனுக்குச் செய்ததை, நடன வகுப்பு இம்மாணவருக்குச் செய்தது.

பாலர் சபைகளின் மறைவுக்குத் திரைப்படம் முதன்மைக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை மறைந்தபின் மீண்டும் எழாமற்போனதற்கு மற்றொரு காரணத்தையும் கருத வேண்டும். 1956ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சி பள்ளிகளில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், ஏழைக் குடும்பத்தின் பழைய கணக்கை அடியோடு மாற்றியது. பிள்ளைக்கு ஒரு வேளை உணவு உறுதி என்ற ஒரே காரணத்துக்காக அவனைத் தொலைதூரம் அனுப்பும் தேவை குறைந்தது. உணவும் எழுத்தும் உள்ளூர்ப் பள்ளியிலேயே கிடைத்தன. அத்திட்டத்தை 1982ஆம் ஆண்டில் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்திய முதலமைச்சர், பசியின் காரணமாக மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கம்பெனியில் சேர்ந்த எம்.ஜி. இராமச்சந்திரனே. இளமையில் தாம் அறிந்த பசியைத் திட்டத்தின் தூண்டுதலாக அவர் குறிப்பிட்டதுண்டு. பாலர் சபையில் பயின்று மிக உயர்ந்த நிலையை அடைந்த ஒருவர், பிற பிள்ளைகளுக்கு அவ்வழியைப் பரிந்துரைக்காமல், அவ்வழிக்குத் தள்ளிய வறுமையை நீக்கும் திட்டத்தை நாடியது கவனிக்கத்தக்கது.

ஆகவே, பிள்ளையை உறைவிடக் கலைப்பள்ளியில் விடுவது தகுமா என்ற வினாவுக்குத் தமிழக வரலாறு ஒற்றை விடை தரவில்லையாயினும், விடை காணும் முறையைத் தருகிறது. அக்கல்விக்கான செலவை ஏற்பவர் யார், ஏற்பதற்கு ஈடாக அவர் பிள்ளையிடம் எதை, எப்போது எதிர்பார்க்கிறார் என்பது முதலாவது. ஆசிரியரே உணவளிப்பவராகவும் நீதிபதியாகவும் இருக்கும் இடத்தில் பிள்ளை முறையிடுவதற்கு வேறொருவர் உண்டா என்பது இரண்டாவது. குரலோ உடலோ ஆர்வமோ கைவிட்ட பிள்ளை எந்த வயதில், எந்தத் தகுதியோடு வெளியேறும் என்பது மூன்றாவது. கம்பெனிகள் முதல் கேள்விக்கு வெளிப்படையான விடையை வைத்திருந்தன. மற்ற இரண்டையும் விதிக்கு விட்டன. பிந்தைய பள்ளிகள் மூன்றாவதற்குப் பட்டயத்தையும் ஆசிரியத் தொழிலையும் விடையாகக் காட்டின. இரண்டாவது கேள்வி அங்கும் எளிதில் தீர்வதன்று. எந்த உறைவிடக் கலைப்பள்ளியும் தன் புகழ்பெற்ற மாணவர்களின் படங்களையே வாயிலில் மாட்டிவைக்கும். சேர்க்கை நாளில் பெற்றோர் விசாரிக்க வேண்டியது, படத்தில் இல்லாத மாணவர் இன்று என்ன தொழில் செய்கிறார் என்பதையே.